720,720: ஒரு பெரிய எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு. 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520 என்றும், அதைக் கண்டுபிடித்தவர் இராமானுஜன் என்றும், வாரத்தின் 7 நாளையும் மாதத்தின் 30 நாளையும் ஆண்டின் 12 மாதத்தையும் பெருக்கினால் அதே 2520 வருவதுதான் அதன் மர்மம் என்றும் அச்செய்தி சொல்லும். கணக்கு சரிதான், கதைதான் சரியில்லை. 5040, 7560, 10,080 என 2520இன் மடங்குகள் எல்லாமே 1 முதல் 10 வரை வகுபடும். ஆகவே 2520 அந்த வரிசையில் மிகச் சிறியது என்று சொல்லலாமே தவிர, ஒரே எண் என்று சொல்ல இயலாது. கொடுத்த எண்கள் அனைத்தாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணைக் காணும் முறையைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். மாதத்திற்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 360 நாள்தான் தேறும் என்பதை இந்தச் செய்தியை அனுப்புகிறவர் எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இவற்றைவிட ஆழமான குழப்பம் ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணின் சிறப்பு என்று பேசப்படுபவற்றுள் சில அந்த எண்ணுக்கே உரியவை. வேறு சில, நாம் அதை எழுதும் முறையால் மட்டும் தோன்றுபவை. இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் கணிதமும் எண் சோதிடமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு 2520ஐவிடப் பெரிய எண்ணாக 720,720ஐ எடுத்துக்கொள்வோம். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது என்பது எவ்வளவு பெரியது என்றால், அத்தனை பேரைக் கொண்டு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தை எட்டு முறை நிரப்பினாலும் இன்னும் பல ஆயிரம் பேர் வெளியே நிற்பார்கள்.

நாற்காலிகளை அடுக்கிப் பார்த்தல்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் திருமணத்துக்காக 60 நாற்காலிகளைப் போட வேண்டும் என்றும், எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 6 வரிசையில் பத்துப் பத்தாகப் போடலாம். 5 வரிசையில் பன்னிரண்டாகவோ 4 வரிசையில் பதினைந்தாகவோ போடலாம். கடைசி நேரத்தில் ஒரு நாற்காலி கூடி 61 ஆகிவிட்டால் எல்லா வழிகளும் அடைபட்டுவிடும். நீளமாக ஒரே வரிசையில் போடலாம், அல்லது ஒருவர் பின் ஒருவராக 61 வரிசை போடலாம், வேறு வழியில்லை.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி எனப்படும். 60க்கு 12 காரணிகள் உண்டு. 61க்கு 1, 61 என இரண்டே இரண்டு. இவ்வாறு சரியாக இரண்டு காரணிகள் மட்டுமே உள்ள எண் பகா எண்; 1 அதில் சேராது. எண்ணின் அளவு ஒன்று மட்டும் கூடியபோது அதன் உள்ளமைப்பு முழுவதுமாக மாறிப்போனதைக் கவனிக்க வேண்டும். பெரிய எண்களைப் பற்றிய பெரும்பாலான வியப்புகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

720,720 நாற்காலிகள் இருந்தால் அவற்றை 840 வரிசையாக, வரிசைக்கு 858 வீதம் போடலாம். ஏறத்தாழச் சதுரமான இந்த அடுக்கைவிடச் சதுரத்துக்கு நெருக்கமான அடுக்கு இந்த எண்ணுக்குக் கிடையாது. 840 × 858 = 720,720 என்பதைக் கைப்பேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எண்ணை உடைத்தல்

1ஐத் தவிர, பகா எண் அல்லாத எந்த எண்ணையும் சிறு எண்களின் பெருக்கலாக உடைக்கலாம். உடைந்த துண்டுகளையும் மேலும் உடைக்கலாம். பகா எண்கள் மட்டும் எஞ்சும்போது வேலை நின்றுவிடும். எவ்வழியில் தொடங்கினாலும் கடைசியில் மிஞ்சுபவை அதே பகா எண்களாகவே இருக்கும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். 

720,720ஐ உடைப்பது எளிது. 720 இரு முறை எழுதப்பட்டிருப்பதால் அது 720 × 1000 உடன் 720ஐக் கூட்டிய தொகை, அதாவது 720 × 1001. இனி 720 என்பது 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5; 1001 என்பது 7 × 11 × 13. சேர்த்து எழுதினால்:

720,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

2இன் தலைமேல் இருக்கும் சிறிய 4 அதன் அடுக்கு. 2 நான்கு முறை பெருக்கப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். இந்த ஒரு வரியில் நம் எண்ணைப் பற்றிய ஏறக்குறைய எல்லாச் செய்தியும் அடங்கியிருக்கிறது. இனி நாம் செய்யப்போவது இந்த வரியைப் படிப்பது மட்டுமே.

முதலில் காரணிகளை எண்ணுவோம். நம் எண்ணின் காரணி எதுவானாலும் இதே பகா எண்களிலிருந்துதான் உருவாக வேண்டும். இங்கே இல்லாத 17ஓ 19ஓ அதற்குள் நுழைய முடியாது. அந்தக் காரணியை உருவாக்கும்போது 2ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு வரை எடுக்கலாம். ஆக 5 வழிகள். 3ஐப் பொறுத்தவரை 3 வழிகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் தலைக்கு 2 வழிகள். எதையும் எடுக்காவிட்டால் 1 கிடைக்கும். எல்லாவற்றையும் எடுத்தால் 720,720 கிடைக்கும். ஒரு 2, 7, 11, 13 ஆகியவற்றை எடுத்தால் 2002 கிடைக்கும். மொத்த வழிகள் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஒரு காரணியைக்கூடத் தேடி எழுதாமல் 240 காரணிகள் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டோம். இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாகப் பதினைந்து காரணிகள்கூட இருப்பதில்லை.

பதினாறு வரை எல்லாம் வகுப்பது ஏன்?

720,720 என்பது 1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். இவ்வாறு பல எண்களுக்குப் பொதுவாக அமையும் மிகச் சிறிய மடங்கை மீச்சிறு பொது மடங்கு என்பார்கள். வாட்ஸ்அப் புகழ் 2520க்கு 1 முதல் 10 வரை என்ன உறவோ, அதே உறவுதான் நம் எண்ணுக்கு 1 முதல் 16 வரை.

இதற்கு 1 × 2 × 3 என்று 16 வரை பெருக்கிக்கொண்டே போக வேண்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பெருக்கினால் 20,922,789,888,000 வரும். அதுவும் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும், ஆனால் தேவையைவிடப் பல மடங்கு பெரியது. 14க்காகத் தனியே எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய 2உம் 7உம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. 15க்கு வேண்டிய 3உம் 5உம் அப்படியே. தனியே கவனிக்க வேண்டியவை 16இன் நான்கு 2களும், 9இன் இரண்டு 3களும், 5, 7, 11, 13 என்ற பகா எண்களும்தான். 1 முதல் 15 வரைக்கு 360,360 போதும். 16 வந்ததும் கூடுதலாக ஒரு 2 தேவைப்படுவதால் அது இரட்டிப்பாகி 720,720 ஆனது.

17இல் வண்டி நின்றுவிடும். 17 × 42,395 = 720,715; மீதி 5. 17ஆலும் வகுபட வேண்டுமானால் 17ஆல் பெருக்கி 12,252,240க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே போய்விட்டால் 18 இலவசமாகக் கிடைக்கும்.

இதுவரை கண்டதைச் சுருக்கிச் சொன்னால், எண்ணைப் பகா எண்களாக உடைத்தோம், அந்த உடைப்பைக் கொண்டு காரணிகளை எண்ணினோம், 16 வரை வகுபடுவதற்கான காரணத்தையும் அதிலேயே கண்டோம். இவை மூன்றும் 720,720 என்ற எண்ணுக்கே உரியவை. அதைத் தமிழ் எண்களில் எழுதினாலும் ரோமன் எண்களில் எழுதினாலும் மாறாதவை.

இரு பக்கத்து அண்டை வீடுகள்

அடுத்தடுத்த இரண்டு எண்களை வகுக்கக்கூடிய எண் எதுவோ, அது அவற்றின் வித்தியாசமாகிய 1ஐயும் வகுத்தாக வேண்டும். எனவே 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி அவற்றுக்கு இருக்க வழியில்லை. 720,720ஐ 2 முதல் 16 வரை எல்லாமே வகுக்கின்றன என்றால், 720,719ஐயும் 720,721ஐயும் அவற்றுள் ஒன்றுகூட வகுக்காது.

இந்த இடத்தில்தான் கணக்கு தெரிந்தவர்களும் சறுக்குவது வழக்கம். சிறிய எண்கள் எவையும் வகுக்காததால் இவ்விரண்டும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனென்றால் இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால் அவற்றின் பெருக்கம் எண்ணையே தாண்டிவிடும். நம் எண்ணின் வர்க்கமூலம் 848க்குச் சற்று மேல். அதுவரை போக வேண்டிய தேவையே எழவில்லை. 720,719ஐ 31 வகுத்துவிடுகிறது: 31 × 23,249. அந்த 23,249உம் 67 × 347 என உடைகிறது. 720,721 இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்து 71இல் விழுகிறது: 71 × 10,151. இந்த 10,151 பகா எண்.

ஆக நடுவில் இருப்பவருக்கு 240 காரணிகள். இடப்பக்கத்து வீட்டில் 8, வலப்பக்கத்து வீட்டில் 4. பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்டிய யூக்ளிடின் வாதமும் இவ்வாறே தவறாக எடுத்துச் சொல்லப்படுவதுண்டு. பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது பகா எண் என்று அவர் சொல்லவில்லை. கிடைக்கும் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் நாம் பெருக்கியவற்றுள் இருக்காது என்பதுதான் வாதம். 2 × 3 × 5 × 7 × 11 × 13 உடன் ஒன்றைக் கூட்டினால் 30,031. அது 59 × 509.

இலக்கங்களின் விளையாட்டு

இனி எழுதும் முறையால் வரும் தோற்றங்களுக்கு வருவோம். எண் சோதிடம் பார்ப்பவர் 720,720ஐப் பார்த்ததும் 7 + 2 + 0 + 7 + 2 + 0 = 18, 1 + 8 = 9 என்று கூட்டி, 9ஆம் எண்காரர் என்று பலன் சொல்லத் தொடங்கிவிடுவார். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். 10, 100, 1000 ஆகியவற்றை 9ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1. ஆகவே 700,000ஐ 9ஆல் வகுத்தாலும் 7ஐ 9ஆல் வகுத்தாலும் மீதி அதே 7தான். இலக்கங்களைக் கூட்டுவது என்பது, எண்ணை 9ஆல் வகுத்து மீதி காண்பதற்கான குறுக்கு வழி, அவ்வளவே. கூட்டு எண் 9 என்றால் 9ஆல் வகுபடும் என்று பொருள். ஒன்பது எண்களுக்கு ஓர் எண் இப்படித்தான் இருக்கும். அதில் கணிதம் இருக்கிறது, பலன் இல்லை.

மனிதர்களும் எட்டு விரல்களோடு பிறந்து எட்டெட்டாக எண்ணிப் பழகியிருந்தால், இதே அளவு 2577520 என்று எழுதப்படும். அவ்விலக்கங்களின் கூட்டுத்தொகை நம் கணக்கில் 28; அந்த உலகில் அதை 34 என்று எழுதுவார்கள்; 3 + 4 = 7. அங்கே கூட்டு எண் 7ஆல் வகுபடுவதைத்தான் காட்டும். நம் 720,720 அதே 720,720தான். நாற்காலி ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சோதிடர் மட்டும் வேறு பலன் சொல்லியிருப்பார்.

கோலாலம்பூரில் இதற்கு விரல்களை மாற்றக்கூட வேண்டியதில்லை. ஒரே அடுக்குமாடியில் தமிழ்க் குடும்பம் சனியின் எண் என்று 8ஐ ஒதுக்க, எதிர் வீட்டுச் சீனக் குடும்பம் வாகனப் பதிவெண்ணில் 8 வர வேண்டுமென்று ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஏலத்தில் கூடுதல் வெள்ளி கொடுக்கும். 4ஐத் தவிர்ப்பதற்காகப் பல கட்டடங்களின் மின்தூக்கியில் 3க்கு மேல் 3ஏ என்று பொத்தான் இருக்கும். கணிதத்தில் 4 என்பது 2 × 2, 8 என்பது 2 × 2 × 2. ஒன்று தீயது, மற்றது நல்லது என்பதற்கு அங்கே இடமில்லை.

எழுத்துத் தோற்றம் எப்போதும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் கூடாது. 720 இரு முறை வருவதுதான் 1001ஐக் காட்டிக்கொடுத்தது. எந்த மூன்று இலக்கத்தையும் இரட்டித்து எழுதினால், 358,358 ஆனாலும் சரி, 7, 11, 13 மூன்றாலும் அது வகுபடும். ஆனால் அந்த ‘இரட்டைத் தன்மை’ எண்ணோடு பிறந்ததன்று. கணினி 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எண்களைக் குறிக்கிறது. அதில் 720,720 இப்படி இருக்கும்:

10101111111101010000

720ஐக் காணோம். ஆனால் கடைசியில் நான்கு பூச்சியங்கள் இருக்கின்றன. 2இன் அடுக்கு 4 என்பது அங்கே கண்ணுக்கே தெரிகிறது. அந்த நான்கையும் நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: 1010111111110101. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் ஒன்றே. நம் முறையில் எழுதும்போது மறைந்திருக்கும் இந்த அழகு கணினியின் முறையில் தெரிகிறது. இதற்கும் ஒருநாள் யாரேனும் பலன் சொல்லக்கூடும்.

ஆக, இலக்கங்களைக் கூட்டுவது, இரட்டித்துத் தெரிவது, முன்னும் பின்னும் ஒன்றாக இருப்பது ஆகியவை அடிமானத்தைச் சார்ந்தவை. எத்தனை எத்தனையாகத் தொகுத்து எண்ணுகிறோம் என்பதே அடிமானம். நமக்கு அது பத்து. பகாக் காரணிகளும் அவற்றின் அடுக்குகளும் எந்த அடிமானத்தையும் சாராதவை.

இராமானுஜன் உண்மையில் செய்தது

2520ஐக் கண்டுபிடித்தவர் என்று இராமானுஜனைப் புகழ்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது என் எண்ணம். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அடுத்த ஆண்டே, நம் எண்ணைப் போன்றவற்றைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். 1916இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்ணை மிகுபகு எண் என்று சொல்வோம். 12, 24, 60, 360 ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளவை. மணிக்கு 60 நிமிடமும் வட்டத்துக்கு 360 பாகையும் வைத்த பழையவர்கள் பங்கிட வசதியான எண்களையே பிடித்திருக்கிறார்கள். 720,720உம் ஒரு மிகுபகு எண். அதற்கு முன் சாதனை படைத்தது 224 காரணிகள் கொண்ட 665,280. அதை முறியடித்து 240ஐ எட்டியது நம் எண்.

இத்தகைய எண்ணின் பகாக் காரணிகளைச் சிறியதிலிருந்து வரிசையாக எழுதினால் அடுக்குகள் ஒருபோதும் ஏறக் கூடாது என்று இராமானுஜன் காட்டினார். நம் எண்ணில் அவை 4, 2, 1, 1, 1, 1. காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. 2இன் அடுக்கையும் 3இன் அடுக்கையும் இடம் மாற்றி 2² × 3⁴ என்று வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை அதே 240தான். ஆனால் 144 இருந்த இடத்தில் 324 வந்து எண் 1,621,620 ஆகப் பெருத்துவிடும். அதே 240ஐச் சிறிய எண் ஒன்று ஏற்கெனவே தரும்போது பெரியதற்குச் சாதனை ஏது? கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 ஆகவே இருக்கும் என்றும், 4, 36 ஆகிய இரண்டு மட்டும் அதற்கு விலக்கு என்றும் அவர் நிறுவினார். இது முதலாவதைப் போல எளிதில் விளங்கக்கூடியதன்று. எனவே இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டுரையோடு ஓர் அட்டவணையும் இருந்தது. கணினியோ மின்னணுக் கணிப்பானோ இல்லாத காலத்தில், 6,746,328,388,800 வரையுள்ள 102 மிகுபகு எண்களை அதில் அவர் அடுக்கியிருந்தார். இந்த நீண்ட பட்டியலில் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போனது: 293,318,625,600. அதன் உடைப்பு இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் இறங்குவரிசையில் இருக்கின்றன. கடைசி அடுக்கு 1. இவ்விரண்டும் பொருந்தியதாலேயே ஓர் எண் மிகுபகு எண் ஆகிவிடாது. சிறிய போட்டியாளர்கள் எல்லாரையும் சோதித்தாக வேண்டும். இந்த எண் அந்தச் சோதனையிலும் தேறும், ஆனால் பட்டியலில் மட்டும் விடுபட்டுவிட்டது. காரணிகளை எண்ண நமக்கு இப்போது வழி தெரியும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதே எண்ணை 23ஆல் பெருக்கினால் காரணிகள் இரட்டிப்பாகி 10,080 ஆகும். அப்படிப் பெருக்கி வருவதுதான் அவருடைய அட்டவணையின் கடைசி எண்.